மியூவான் படிக்கட்டும், கணக்குத் தெரிந்து படிக்கட்டும்

"இணைவு மின்சாரம் என்றைக்கு வருமோ! அதை நம்பி மகள் இயற்பியலில் போய் விழுகிறாளே" என்று எழுதியிருக்கிறீர்கள். அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைத்து ஆற்றல் எடுப்பதுதான் இணைவு; அது இன்னும் மின்நிலையமாகவில்லை என்பதால் பயம் நியாயம்தான். ஆனால் அவள் கேட்பது மியூவான் என்ற நுண்துகளை மலிவாகத் தயாரிக்கும் வேலையை. அதற்கு இணைவு உலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மியூவான் எலெக்ட்ரானுக்கு அண்ணன் மாதிரி; நிறை மட்டும் சுமார் 207 மடங்கு. டியூட்டீரியம், ட்ரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகைகளின் கலவைக்குள் புகுந்தால் எலெக்ட்ரானின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு அணுக்கருக்களையும் ஒட்டி நிற்க வைத்துவிடும். கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் இல்லாமலே அவை இணையும். ஹைட்ரஜனில் இப்படி நடப்பதை 1956-இலேயே அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸின் குழு கண்டுவிட்டது.

அப்புறம் ஏன் மின்நிலையம் வரவில்லை? வரவு செலவு இடிக்கிறது. மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோ நொடிதான். அதற்குள்ளேயே சில சமயம், இணைவில் பிறக்கும் ஹீலியத்தோடு ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். நல்ல சோதனைகளில் ஒரு மியூவான் சுமார் 150 இணைவுகளை நடத்தியிருக்கிறது. ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பார்கள்; ஓர் இணைவுக்கு 1.76 கோடி எலெக்ட்ரான் வோல்ட் என்றால் வரவு 264 கோடி. ஒரு மியூவானை உண்டாக்கவோ 500 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆகும் என்பது பொதுவான மதிப்பீடு. போதாததற்கு, வெப்பத்தை மின்சாரமாக்கும்போது பாதிக்கு மேல் போய்விடும்.

அந்த 500 கோடியைக் குறைப்பதுதான் உங்கள் மகள் பார்க்க ஆசைப்படும் வேலை. புரோட்டான்களை முடுக்கி, கார்பன் போன்ற இலக்கில் மோதவிட்டால் பையான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் பிறக்கும். எலெக்ட்ரானின் இடத்தைப் பிடிப்பது எதிர்மின் மியூவான்தான் என்பதால், எதிர்மின் பையான்கள்தான் நமக்கு வேண்டும். அவற்றில் பல இலக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தப்பியவை நாலாபுறமும் சிதறி, சராசரியாக 26 நானோ நொடியில் மியூவானாகச் சிதையும். காந்தங்களை வைத்து அவற்றை வளைத்துப் பிடிக்க வேண்டும். முடுக்கி, மீக்கடத்திக் காந்தம், கணினிப் பாவனையாக்கம் மூன்றும் கைவந்தவர்களைப் புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சை மையங்களும் தேடுகின்றன. ஜப்பானின் ஜே-பார்க், கனடாவின் ட்ரையம்ஃப் போன்ற கூடங்களில் பொருள்களை ஆராயவே மியூவான் கற்றை ஓடுகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம் வரை போக வேண்டும். மியூவான் கற்றை உள்ள கூடங்கள் உலகிலேயே சில மட்டும்தான். ஊர் மாறத்தான் வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு, துகள்கள் மோதுவதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் ஜியான்ட்-4 என்ற மென்பொருளைக் கணினியில் ஏற்றிக் கொடுங்கள்; இலவசம்தான். புரோட்டானைக் கார்பனில் மோதவிட்டு, எத்தனை எதிர்மின் பையான் வெளியே வருகிறது என்று அவள் எண்ணிப் பார்க்கட்டும். இரண்டு மாதம் கழித்தும், சாப்பிடக் கூப்பிட்டால் எழாமல் இலக்கின் தடிமனை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள் என்றால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.