தேரோட்டத்தில் தொலைந்தது நானா, சித்தி மகனா?

நடக்காதது நடந்ததுபோல மனதில் பதிவது எப்படி? உளவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற அண்ணாச்சியிடம் நெல்லைச் சீமைக்காரர்கள் கேட்டவை.

நெல்லை டவுன்: அண்ணாச்சி, சின்ன வயதில் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் தொலைந்துபோய், வாகையடி முக்கில் நின்று அழுதேன். அம்மாவோ, "தொலைஞ்சது ஒன் சித்தி மவன்லா, நீ என் இடுப்புல இருந்த" என்கிறாள்.

அம்மா பக்கம்தான் சாய்வேன். உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய உங்கள் கதைதான். 24 பேரிடம், வீட்டார் சொன்ன மூன்று உண்மைச் சம்பவங்களோடு 'சின்ன வயதில் வணிக வளாகத்தில் தொலைந்தாய்' என்ற பொய்யையும் கலந்து கொடுத்தார்கள். கால்வாசிப் பேர் அதுவும் முழுசாகவோ அரைகுறையாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சித்தி மகன் கதையை வருஷா வருஷம் கேட்டிருப்பீர்கள். கேட்கும்போதே மனதில் படம் ஓடும். தேரும் வடமும் கூட்டமும் நீங்கள் நேரில் பார்த்தவை, அதனால் படத்துக்குச் சரக்கு தயார். நாள்பட நாள்பட படம் தங்கிவிடும். பார்த்ததா, கேட்டதா, நாமே நினைத்துக்கொண்டதா என்ற அடையாளம் கழன்றுவிடும். ஒன்று, அம்மாவுக்கும் இதே மாதிரித் தலைதான். சித்தியையும் கேட்டுவிடுங்கள்.

பாளை: 1992 வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியதைப் பார்த்ததாகத் தம்பி சத்தியம் செய்கிறான். அவன் பிறந்ததே 1991!

ஒரு வயதில் நடந்தது பெரியவரான பின் நினைவில் நிற்பதில்லை. பெரும்பாலோருக்கு முதல் நினைவே மூன்று வயதை ஒட்டித்தான். அந்தக் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால் பெருவெள்ளம் வந்தாலே மூழ்கும். பிறகு ஒரு வெள்ளத்தில் பார்த்ததும், பெரியவர்கள் சொன்ன 92 கதையும் ஒன்றாகியிருக்கும்.

அம்பை: அச்சு அசலாக நினைவிருந்தால் அது உண்மைதானே சார்?

அங்கேதான் ஏமாறுகிறோம். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டோம் என்று கல்லூரி மாணவர்களை எழுதித் தரச் சொன்னார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டால், 11 பேருக்கு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. பழைய தாளைக் காட்டியும் சிலர் அசையவில்லை: கையெழுத்து என்னுடையது, ஆனால் நடந்தது இப்படியில்லை! நினைவுகூரும் ஒவ்வொரு தடவையும் மூளை சம்பவத்தைப் புதிதாகக் கட்டுகிறது. அடிக்கடி சொன்ன கதை தெளிவாக இருக்கும். தெளிவு வேறு, உண்மை வேறு.

வள்ளியூர்: எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடே (தேங்காய்ப்பால் குழம்பு விருந்து) போடவில்லை என்கிறார் வீட்டுக்காரர். பொய்தானே?

பொய் சொல்கிறவருக்கு உண்மை தெரிந்திருக்கும் தங்கச்சி. இவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சொதிக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மேலப்பாளையம்: என் மகன் ஒரு விபத்தை நேரில் பார்த்துவிட்டான். அவனிடம் எப்படி விசாரிப்பது?

வார்த்தையில் கவனம் வேண்டும். லாஃப்டஸின் 1974 ஆய்வில் கார் விபத்துப் படம் பார்த்தவர்களிடம், கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்று இன்னொரு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 7 பேர், இரண்டாவதில் 16. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அதனால் "லாரி வேகமாத்தானே வந்துச்சு?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். "என்ன பார்த்த?" என்று மட்டும் கேட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே இன்றைக்கே எழுதுங்கள். அக்கம்பக்கத்தார் விசாரிக்க வருவதற்கு முன்னால்.