ஆமை விற்கும் பதிவைப் பார்த்தால் பகிர்வதா, புகார் கொடுப்பதா?

கேள்வி: எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பேஸ்புக் பதிவைப் போட்டார். பிளாஸ்டிக் டப்பில் ஏழெட்டு நட்சத்திர ஆமைகள். ‘லக்கி ஆமை, ஜோடியாகக் கிடைக்கும், இன்பாக்ஸ் வரவும்’ என்று கீழே எழுதியிருந்தது. மனசு கேட்காமல் நானும் அதைப் பத்துப் பதினைந்து குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது ஒருவர், ‘நாமே காசு போட்டு வாங்கிக் காட்டில் விட்டுவிடலாம்’ என்று 4,500 ரூபாய் வசூலித்து வைத்திருக்கிறார். இன்னொருவர் ஏதோ மீட்பு அமைப்பின் ஜிபே எண்ணை அனுப்பிப் பணம் போடச் சொல்கிறார். என் மகனோ, ‘புகார் கொடுத்தால் கோர்ட்டுக்கு அலையணும், சும்மா இரும்மா’ என்கிறான். நான் என்ன செய்வது?
- ஈரோடு வாசகி

பதில்: முதலில் அந்த 4,500 ரூபாய். யார் யார் எவ்வளவு போட்டார்களோ அவரவருக்கே அதை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல மனசோடு வாங்கினாலும் சட்டத்தின் முன் அது வாங்கியதுதான். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. அந்த அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. ‘காப்பாற்றத்தான் வாங்கினேன்’ என்று நீதிமன்றத்தில் சொல்லலாம்தான். ஆனால் அதைச் சொல்ல நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

சட்டத்தை விடுங்கள். நீங்கள் பரிதாபப்பட்டு வாங்கும் ஒவ்வொரு ஜோடியும் விற்பவனுக்கு அடுத்த ஆர்டர். காலியான டப்பை அவன் அடுத்த வாரமே நிரப்பிவிடுவான். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு சேகரிப்பு மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாக மதிப்பிட்டது. உங்கள் தெருவே சேர்ந்து வாங்கினாலும் அந்தச் சரக்கு தீராது.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்த மாதிரிப் பதிவு போடுகிற பலரிடம் ஆமையே இருக்காது. எங்கிருந்தோ எடுத்த படத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எண்ணை பிளாக் செய்துவிடுவார்கள். அதைவிட மோசமானவர்களும் உண்டு. பணம் போன இரண்டாம் நாள், ‘ஃபாரஸ்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், நீங்கள் ஆமை வாங்கிய ஸ்கிரீன்ஷாட் எங்களிடம் இருக்கிறது, கேஸ் வேண்டாமென்றால் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று போன் வரும். பயந்து அனுப்பிவிட்டு, வெளியே சொல்லவும் முடியாமல் தவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த வன அலுவலரும் ஜிபேயில் அபராதம் வசூலிப்பதில்லை.

காட்டில் விடுகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை முழுக்க முழுக்கத் தரை ஆமை. புதர்க்காட்டிலும் வறண்ட புல்வெளியிலும் வாழ்வது. அதற்கு நீந்தத் தெரியாது. ‘ஆமைதானே’ என்று கோயில் குளத்திலோ கிணற்றிலோ விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். இந்தக் கொடுமையைச் செய்பவர்கள் எல்லோரும் புண்ணியம் தேடித்தான் செய்கிறார்கள். பல கைகள் மாறி, பல இடத்து ஆமைகளோடு ஒரே டப்பில் அடைபட்டுக் கிடந்த ஆமையைக் கண்ட காட்டில் விடுவதும் சரியல்ல. அதனிடம் இருக்கிற நோய் அங்கே இருக்கிற ஆமைகளுக்கும் போகும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நிறையப் பேர் மாட்டிக்கொள்வதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் வாங்கவில்லை, ஆமையே உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு காலி செய்தவர் மொட்டைமாடியில் விட்டுப் போயிருக்கலாம். பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன பையில் இருந்திருக்கலாம். சாலையோரம் அடிபட்டுக் கிடந்ததை நீங்களே தூக்கி வந்திருக்கலாம். சட்டத்தின் 39-வது பிரிவுப்படி அது அரசாங்கத்தின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதற்கென அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். 48 மணி நேரம் என்பது கைக்கு வந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. ‘ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு, அதனால் செவ்வாய்க்கிழமை கொண்டுபோனேன்’ என்பது செல்லாது. காவல் நிலையத்துக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. ‘பிள்ளை ஆசைப்பட்டான், ஒரு வாரம் வைத்திருந்து கொடுக்கலாம் என்று பார்த்தேன்’ என்பது நிச்சயமாகச் செல்லாது. ஒப்படைக்கும்போது, எத்தனை ஆமை, எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போடத் தயங்குவார்கள். போடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். பின்னாளில் யாராவது ‘இந்த வீட்டில் ஆமை வளர்த்தார்கள்’ என்று கிளப்பினால் அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் ஒன்று: காசு கொடுத்து வாங்கியவருக்கு இந்த 48 மணி நேரம் எந்தப் பாதுகாப்பும் தராது. ‘வாங்கி உடனே ஒப்படைத்துவிட்டால் போதும்’ என்று உங்கள் குழுவில் யாராவது யோசனை சொன்னால், அவரையே வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அந்த மீட்பு அமைப்பு. இதில் எனக்குப் பொறுமை கம்மி. மலைப்பாம்பு நாய்க்குட்டியைச் சுற்றியிருக்கும், யாரோ ஓடிவந்து விடுவிப்பார், பின்னணியில் சோக இசை ஓடும். பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாம்பு இறுக்கியே இருக்காது, லேசாக இழுத்ததும் நழுவிவிடும். கேமரா மட்டும் ஆபத்து வருவதற்கு முன்பே சரியான இடத்தில் காத்திருக்கும். அதே குட்டி இன்னொரு வீடியோவில் வேறொரு பாம்பிடம் மாட்டும். காசுக்காக விலங்கை வதைத்துவிட்டு, அதைக் காப்பாற்றுவதாக மறுபடியும் காசு கேட்கிறார்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. ‘மாநிலச் செயலாளர்’ என்று அடையாள அட்டை, காரில் போர்டு, தனிநபர் பெயரில் ஜிபே எண். கேட்டால் 80ஜி சான்றிதழை நீட்டுவார்கள். 80ஜி என்பது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடைப்பதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். காட்டு விலங்கைக் கையில் வைத்திருக்க அது யாருக்கும் உரிமை தருவதில்லை. அதற்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். ‘அந்த அனுமதியின் நகலை அனுப்புங்கள்’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். ‘ரேஞ்சர் நமக்கு வேண்டியவர், நானே பேசி முடித்துத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்’ என்பவரையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க ஒரு பைசா செலவில்லை.

சரி, பகிர்ந்தது தப்பா? கோபம் தப்பில்லை. ஆனால் அதை யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து குழுக்களுக்கு அனுப்பியதில், அவனுக்கு இதுவரை தெரியாத எத்தனையோ பேரிடம் ‘இங்கே ஆமை கிடைக்கும்’ என்ற விளம்பரத்தை நீங்களே இலவசமாகக் கொண்டு சேர்த்திருக்கிறீர்கள். கீழே ‘போலீஸில் சொல்லுவேன்’ என்று பத்துப் பேர் கமென்ட் போட்டிருந்தால், பதிவை அழித்துவிட்டு வேறு பெயரில் கடை விரித்திருப்பான்.

2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் நின்றபடியே செத்துப்போன கர்ப்பிணி யானையை நினைத்துப் பாருங்கள். வெடி வைத்த தீனியைக் கடித்ததில் வாய் சிதைந்து, நாள்கணக்கில் ஒன்றும் தின்ன முடியாமல் கிடந்து இறந்தது. நாடே கொதித்தது. ஆனால் பதிவுகளில் மாவட்டத்தின் பெயரையே மாற்றி, முஸ்லிம்கள் அதிகம் வாழும் மலப்புரம் என்று போட்டார்கள். அதிலிருந்து பேச்சு மதத்துக்குப் போய்விட்டது. காட்டுப்பன்றியை விரட்ட வெடிவைத்த தீனியைப் போடும் பழக்கம், அந்த வெடிமருந்து எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வி இரண்டும் அந்த இரைச்சலில் அமுங்கிப்போயின.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2015-ல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் வேட்டையாடியபோது உலகமே அவரைத் திட்டித் தீர்த்தது. அவர் மீது வழக்கே வரவில்லை, அவருடைய காகிதங்கள் சரியாக இருந்தன என்றது ஜிம்பாப்வே அரசு. வேட்டைக்கு அழைத்துப்போனவர் மீதான வழக்கும் நிற்கவில்லை. ஆனால் அதே கோபம் விமான நிறுவனங்களின் பக்கம் திரும்பியபோது, வேட்டையாடிய விலங்குகளின் தலைகளை ஏற்றிச்செல்ல மாட்டோம் என்று பல நிறுவனங்கள் அறிவித்தன.

2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானை மீது தீப்பற்ற வைத்த பொருளை எறிந்தார்களே, அந்த வழக்கில் கைது நடந்தது வீடியோ வெளிவந்த பிறகுதான். அதனால் படமோ வீடியோவோ இருப்பது நல்லதுதான்.

உங்கள் விஷயத்தில் இப்படிச் செய்யுங்கள். பதிவு இன்னும் இருந்தால் முதலில் அதன் இணைப்பை ‘காப்பி லிங்க்’ கொடுத்து எடுத்து வையுங்கள். பிறகு பதிவு, போட்டவரின் புரொஃபைல் பக்கம், அதன் இணைப்பு, கமென்ட்டில் கொடுத்திருக்கும் போன் எண், பணம் கேட்கும் யூபிஐ ஐடி எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை நாளைக்கே மாற்றிவிடலாம், இணைப்பு பெரும்பாலும் மாறாது. அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி, தரத்தைக் குறைத்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள். போனிலிருந்து அசலை அழிக்காதீர்கள். விலை கேட்டு அவனோடு சாட் செய்து துப்பறிய வேண்டாம். அது உங்கள் வேலை இல்லை. பேஸ்புக்கில் ‘ரிப்போர்ட்’ அடிப்பது கடைசியில்தான். முதலிலேயே அடித்துப் பதிவு நீக்கப்பட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும்.

இதையெல்லாம் மாவட்ட வன அலுவலருக்கும், மத்திய அரசின் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கும் அனுப்புங்கள். அந்தப் பிரிவின் கட்டணமில்லா எண் 1800-11-9334. சென்னையில் அவர்களுக்கு மண்டல அலுவலகம் இருக்கிறது. இணையத்தில் நடக்கும் விலங்கு வியாபாரத்தைப் பிடிக்கவே ‘ஒயில்டுநெட்’ என்ற பெயரில் சோதனை நடத்தியவர்கள் அவர்கள். ‘விற்பவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது, எங்கள் சரகம் இல்லை’ என்று உள்ளூரில் கைகழுவினால் இவர்களிடம் அது எடுபடாது. காவல் நிலையத்திலும் ‘இது ஃபாரஸ்ட் கேஸ்’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். சட்டத்தின் 50-வது பிரிவு உதவி ஆய்வாளருக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் தருகிறது. அதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் பயம் நியாயமானதுதான். நம் நீதிமன்றங்களில் வாய்தா வாங்கிய எவருக்கும் அது புரியும். ஆனால் நீங்கள் கொடுப்பது துப்பு மட்டும்தான். பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். அதை வைத்து அவர்கள் போய்ச் சோதனையிட்டு ஆமையைப் பிடித்தால், வழக்கு நிற்பது பிடித்த அதிகாரியின் மீதும், மகஜரில், அதாவது அங்கேயே எழுதும் பறிமுதல் பத்திரத்தில், கையெழுத்திட்ட சாட்சிகளின் மீதும். பெரும்பாலும் உங்களை யாரும் கூண்டுக்கு அழைக்க மாட்டார்கள். ‘நாங்களும் கூட வருகிறோம்’ என்று சோதனைக்குப் போகாதீர்கள். போனால் மகஜரில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்போது உங்கள் மகன் சொன்னது பலித்துவிடும்.

அதிகாரிகள் அசையவே இல்லையென்றால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேராக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய 55-வது பிரிவு இடம் தருகிறது. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. 60 நாளில் அந்த ஆமைகள் பாங்காக் போய்ச் சேர்ந்து முட்டையே இட்டிருக்கும். இந்தச் சட்டமாவது பரவாயில்லை. நாயை அடித்து வீடியோ போட்டவனுக்கு 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அந்த வீடியோவை ஏற்ற அவன் போட்ட ரீசார்ஜ் அதைவிட அதிகம்.

அதனால் நோட்டீஸுக்குப் போகும் முன் எளிய வழியைப் பாருங்கள். புகார் அனுப்பிய ஒரு வாரத்தில் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு நினைவூட்டல் அனுப்பி, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் ஒரு பிரதி போடுங்கள். அப்புறமும் சத்தமே இல்லையென்றால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு: ‘இந்தத் தேதியில் நான் அனுப்பிய புகாரின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தேவை.’ 30 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பல அலுவலகங்களில் அந்த மனு மேசைக்கு வந்த அன்றுதான் உங்கள் பழைய மின்னஞ்சலையே திறந்து பார்ப்பார்கள்.