ஹில்டெகார்டின் பிடிவாதம் – கடிதம்

அன்புள்ள சார்,

மார்கரெத்தே ஃபான் ட்ரோட்டாவின் ‘விஷன்’ (2009) பார்த்தேன். இறைக்காட்சிகள் கண்ட ஜெர்மானியக் கன்னியர் தலைவி ஹில்டெகார்ட், தன் பிரியத்துக்குரிய கன்னியாஸ்திரி ரிஷார்டிஸ் வேறு மடத்துக்குப் போகிறாள் என்றதும் அப்படிக் கதறுவது ஒட்டவேயில்லை. 12ஆம் நூற்றாண்டுத் துறவிமேல் இன்றைய காதல் கதையை ஏற்றிவிட்டார்களோ?

கே.

அன்புள்ள கே.,

எனக்கு ஒட்டாமல் போனது கர்ப்பமான கன்னியாஸ்திரியின் கிளைக்கதைதான். துறவு, ரகசிய உறவு, சாவு என்று வழக்கமான சினிமா. நீங்கள் சந்தேகப்படும் கதறல் ஹில்டெகார்டின் கடிதங்களிலேயே இருக்கிறது. ‘என்னை ஏன் அநாதையாக விட்டுப் போனாய்’ என்று ரிஷார்டிஸுக்கு எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஹில்டெகார்டாக வரும் பார்பரா சுகோவா அடக்கித்தான் நடித்திருக்கிறார் என்பேன்.

உடல் உறவு இருந்ததா என்று சிலர் துருவுவார்கள். அந்த வழியில் போனால் விஷயம் கைநழுவிவிடும். அவர்கள் பின்பற்றிய, புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்குவிதி மடத்தின் தலைமையில் இருப்பவருக்குத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவரைவிட இன்னொருவரை அதிகமாக நேசிக்காதே. விலக்கப்பட்டது அந்தத் தனிப்பிரியம். ஹில்டெகார்டுக்கும் இது தெரியும். ஓர் உயர்குலத்தவள்மேல் வைத்த அன்பால் எல்லை மீறினேன் என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் ஒப்புக்கொண்டவர் விட்டுக்கொடுக்கவில்லை, அதுதான் சுவாரசியம். 1150 வாக்கில் அவர் தான் இருந்த டிசிபோடென்பெர்க் மடத்தைவிட்டுத் தன் கன்னியருடன் தனி மடம் அமைக்க ரூபெர்ட்ஸ்பெர்குக்குக் கிளம்பியபோது, பழைய மடத்தின் அதிபதி கூனோ விடமாட்டேன் என்றார். இது கடவுளின் கட்டளை என்று ஹில்டெகார்ட் நின்றார், படுத்த படுக்கையானார், கூனோ இறங்கிவந்தார். மைன்ஸ் பேராயரிடம் பேசி அனுமதி வாங்க உதவியது ரிஷார்டிஸின் தாய். 1151இல் ரிஷார்டிஸ் பாஸும் என்ற ஊரின் மடத்துத் தலைவியாகத் தேர்வானபோது, அன்று கூனோ நின்றதுபோல விடமாட்டேன் என்று நின்றவர் ஹில்டெகார்ட். மைன்ஸ் பேராயர் அனுப்பிவை என்கிறார், இவர் கடவுளின் பெயராலேயே மறுக்கிறார். உதவிய அதே தாய்க்கும், ரிஷார்டிஸின் அண்ணனான பிரேமன் பேராயர் ஹார்ட்விக்குக்கும், போப் மூன்றாம் யூஜினுக்கும் கடிதம் போகிறது. போப் நழுவலாக, பாஸும் மடத்தில் துறவற விதி ஒழுங்காகப் பின்பற்றப்படாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்கிறார்.

இதைப் பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். தன் ஆசையும் கடவுளின் விருப்பமும் ஒன்றுதான் என்று மனதார நம்பியிருக்கிறார். கடமை ஒருபக்கம், காதல் மறுபக்கம் என்று அவருக்குள் பிரிந்திருந்தால் சண்டை இவ்வளவு தூரம் போயிருக்காது. இந்தச் சிக்கலைப் படம் தொட்டுவிடுகிறது, அதனால்தான் எனக்குப் பிடித்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1152 அக்டோபரில் ரிஷார்டிஸ் இறந்தாள். பழைய மடத்துக்குத் திரும்ப அழுது ஏங்கினாள் என்று ஹார்ட்விக் எழுதினார். உலகம் அவள் அழகையும் அறிவையும் விரும்பியது, கடவுள் அவளை உலகத்துக்குக் கொடுக்க விரும்பவில்லை என்று ஹில்டெகார்ட் பதில் போட்டார். நீங்கள் தந்த வேதனையை மனதிலிருந்து அகற்றிவிட்டேன் என்றும் சொன்னார். அவளைத் தடுத்தது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.