‘லேட்டஸ்ட்’ எந்தப் பதிப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பைத்தான் லைப்ரரிக்கு ஆறு வெளியீடுகள் ஆகிவிட்டன. ஆவணங்களைப் பதிப்புவாரியாகப் பிரிப்பதா, ஒரே தொகுப்பில் குறிப்புகளாகச் சேர்ப்பதா? புதியவர்களுக்கு எது எளிது? பக்கத்தின் நிறங்களையும் பார்த்துச் சொல்லுங்கள். சுட்டி கீழே.

ச.

அன்புள்ள ச.,

இரண்டும் வேண்டும். 2, 3 போன்ற பெரிய பதிப்புகளுக்குத் தனித்தனித் தொகுப்பு. இடையில் வரும் சிறு மாற்றங்களுக்கு, ஆவணம் உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்க்ஸின் ‘வெர்ஷன்ஆடட்’, ‘வெர்ஷன்சேஞ்ச்ட்’ குறிப்புகள்: எது எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் மாறியது என்று சொல்பவை. பராமரிப்பில் இல்லாதவற்றைப் பட்டியலிலிருந்து மறையுங்கள், அழிக்காதீர்கள். நிறம் உங்கள் இஷ்டம்.

விளக்கங்களைப் பொறுமையாக, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சுட்டியைத் திறந்தால் முகவரியில் ‘லேட்டஸ்ட்’ என்று நிற்கிறதே, அதை எப்படி விட்டீர்கள்? உங்கள் ஆவணங்கள் இருக்கும் ரீட் த டாக்ஸ் தளத்தில் அது கடைசி வெளியீட்டைக் குறிக்காது. நீங்கள் மாற்றாதவரை அது மெயின் கிளைதான், அதாவது வேலை நடந்துகொண்டிருக்கும் நிரல். நேற்று ராத்திரி சேர்த்ததும் அதில் இருக்கும். கற்க வருபவர் பிப் இன்ஸ்டால் கட்டளை கொடுத்து நிறுவினால் கிடைப்பது 2.3. படிப்பதோ இன்னும் வெளிவராத 3.0. பயிற்சியின் மூன்றாம் வரியிலேயே இம்போர்ட்எரர், அதாவது கேட்டது நிறுவியதில் இல்லை என்ற பிழை. அனுபவசாலி பதிப்பைச் சந்தேகிப்பார். புதியவர் தன்னைச் சந்தேகிப்பார், மூடிவிட்டுப் போய்விடுவார். இதற்குப் பெயர் அலட்சியம்.

பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவைப் பாருங்கள். 2017 டிசம்பரில் வந்த 2.0, தளத்தின் முகவரிகளை எழுத ‘பாத்’ என்ற புது வழியைத் தந்தது, 4.0-இல் அதே வேலைக்கான பழைய ‘யுஆர்எல்’ நீக்கப்பட்டது. 1.11-இன் பயிற்சியை 4.0-இல் ஓட்டினால் இறக்குமதி வரியிலேயே உடையும். அதனால்தான் அவர்களுடைய பயிற்சி ‘பைத்தான் -எம் ஜாங்கோ --வெர்ஷன்’ என்று முதலில் சரிபார்க்கச் சொல்கிறது. பொருந்தாவிட்டால் பதிப்பை மாற்றிக்கொள்ளும் இடத்தையும் காட்டுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில், வெளியீட்டுக்கு ‘வி2.3.0’ என்று டேக் (பெயர்ச்சீட்டு) போடுங்கள். ரீட் த டாக்ஸில் ‘ஸ்டேபிள்’ என்ற பதிப்பு தானாக உருவாகி மிக உயர்ந்த டேக்கைப் பிடித்துக்கொள்ளும், முன்னோட்ட வெளியீடுகளை விட்டுவிடும். பிறகு அமைப்புகளில் டீஃபால்ட் வெர்ஷனை ‘ஸ்டேபிள்’ ஆக்குங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டேக் நகராது. மெயினில் எழுத்துப்பிழை திருத்தினாலும் அடுத்த வெளியீடு வரை வாசகருக்குப் பழைய பிழைதான் தெரியும். ‘ஸ்டேபிள்’ என்ற பெயரில் நீங்களே ஒரு கிளை வைத்தால் தளம் அதை எடுத்துக்கொள்ளும். ஆவணத் திருத்தங்களை மட்டும் மெயினிலிருந்து பொறுக்கியெடுத்து (செர்ரி-பிக்) அதில் சேர்த்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அந்தக் கிளையைக் கையால் நகர்த்த வேண்டும். மறந்தால் புதிய வெளியீட்டுக்குப் பழைய ஆவணம் நிற்கும்.

மாற்றியதும் புதிய விர்ச்சுவல் என்விரான்மென்டில், அதாவது மற்றவற்றோடு கலக்காத தனி பைத்தான் சூழலில், பிப் இன்ஸ்டால் செய்து, உங்கள் பயிற்சியை முதல் வரியிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.