பொலிஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் மகனும் பயப்படும் அம்மாவும்

அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு பயம் தெரிகிறது. செல்வாக்குள்ள ஆளைப் பிடிக்காமல் மகன் பொலிஸில் சேர முடியுமா என்பது ஒன்று. சேர்ந்த பிறகு மேலதிகாரிக்குப் பிடிக்காவிட்டால் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்பது மற்றது. இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. விண்ணப்பம் போடுமுன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு தெளிவு. இலங்கையில் கொழும்புக்கென்று தனிப் பொலிஸ் கிடையாது, மாநகர சபைக்கும் இதில் அதிகாரம் இல்லை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பற்றி எழுதியிருந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. வெள்ளவத்தை நிலையத்தில் இருப்பவரும் மன்னாரில் இருப்பவரும் ஒரே சேவைதான். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இருவருக்கும் பொது. ஆகவே "கொழும்பிலேயே போடுவார்கள்" என்ற நம்பிக்கையில் மகனை அனுப்ப வேண்டாம். இடமாற்றம் எங்கேயும் வரும்.

பொலிஸ் மா அதிபரைத் தவிர மற்ற எல்லா உத்தியோகத்தர்களின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று, பணிநீக்கம் எல்லாம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கையில். 2001இல் 17ஆம் திருத்தம் கொடுத்த இந்த அதிகாரம் 2010இல் பறிபோனது, 2015இல் திரும்பியது. அந்த ஆணைக்குழுவின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வதே அரசியலமைப்பின்படி குற்றம். மேல் நீதிமன்றம் விசாரித்து ஏழு வருடம் வரை சிறைக்கு அனுப்பலாம். கடிதம் வாங்கித் தருகிறேன், காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காசும் போகும், மகனின் பெயரும் கெடும்.

தகுதியுள்ள பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பத்திரத்தில்தான். நம் ஆட்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருக்கும், அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறியிருக்கும், சாதாரண தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும் நிற்கும். ஒன்றில் சிவகுமார், இன்னொன்றில் சிவக்குமார். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் அது இல்லவே இல்லை. நேர்முகப் பரீட்சை மேசையில் இதைச் சொல்லிப் புரியவைக்க நேரம் இராது. மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சின்ன வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பிறந்த திகதியே பிழை என்றால் திருத்தம்தான் வழி, அதற்கு மாதக்கணக்கில் போகும். ஆட்சேர்ப்பு அறிவித்தல் வர்த்தமானியில் (அரசாங்க இதழில்) வந்த பிறகு ஓடினால் முடிவுத் திகதி தாண்டிவிடும்.

வயது, உயரம், மார்பளவு, பாடச் சித்தி எல்லாம் கான்ஸ்டபிளுக்கு ஒன்று, உப பொலிஸ் பரிசோதகருக்கு வேறு. உயர்தரம் முடித்தவர் இரண்டையும் பார்க்க வேண்டும். போன முறை வந்த அறிவித்தலை நம்பாமல், அந்தந்த முறை வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியையே வாசியுங்கள். வயதை எந்தத் திகதிக்குக் கணக்கெடுக்கிறார்கள், சாதாரண தரம் எத்தனை அமர்வில் முடித்திருக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளை விரல் வைத்துப் படிக்க வேண்டும். பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஆனால் சேவைக்குள் போனபின் சிங்களத் தேர்ச்சி காட்ட வேண்டியிருக்கும், இப்போதே தொடங்கினால் நல்லது.

நியமனம் நிரந்தரமானது, ஓய்வூதியம் உள்ளது. ஆனாலும் தொடக்கத்தில் தகுதிகாண் காலம் உண்டு. வருகையோ நடத்தையோ திருப்தியில்லை என்றால் அந்தக் காலத்தை நீட்டலாம், நியமனத்தையே முடிக்கவும் செய்யலாம். இளம் ஆட்கள் வேலையை இழக்கும் வழிகளில் ஒன்று மிகச் சாதாரணமானது: வீட்டில் ஏதோ அவசரம் என்று லீவு எழுதாமல் வந்துவிடுவது. பதவியைத் தானே விட்டுச் சென்றதாகக் கருதி அறிவித்தல் அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்குச் சுகமில்லை என்று நீங்கள் அழைத்தாலும், லீவு எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

தகுதிகாண் காலம் முடிந்து பதவியை உறுதிப்படுத்தியபின் பாரதூரமான குற்றச்சாட்டு வந்தால் நடைமுறை நீளமானது. ஆரம்ப விசாரணை, பிறகு குற்றப்பத்திரம், எழுத்தில் பதில், முறைசார் விசாரணை, அதன்பின் கட்டளை. இடையில் பணி இடைநிறுத்தம் வரலாம், அப்போது முழுச் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. பலர் வழுக்குவது ஆரம்ப விசாரணை வாக்குமூலத்தில். "சும்மா ஒரு கையெழுத்து" என்று வாசிக்காமல் போட்டதை முறைசார் விசாரணையில் மாற்றிச் சொல்வது கடினம். மகனுக்கு முழுதாகப் புரியாத மொழியில் எழுதியிருந்தால், வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்டு, அப்படிச் செய்ததை அதிலேயே எழுதுவித்த பிறகு கையெழுத்திட வேண்டும்.

பொலிஸ் மா அதிபரோ ஆணைக்குழுவின் உபகுழுவோ தந்த கட்டளை என்றால் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை. ஆணைக்குழுவின் முடிவை மற்ற நீதிமன்றங்களில் கேள்விக்குட்படுத்த முடியாது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு மட்டும் திறந்திருக்கிறது, அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். கடிதம் வந்த உறையைக்கூட எறியக் கூடாது, அதிலுள்ள தபால் முத்திரைத் திகதி தேவைப்படும்.

மகனிடம் நேராகப் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில் குறைந்த தண்டனையே ஏழு வருடம், கூடியது பத்து. "பெரியவர் அடிக்கச் சொன்னார்" என்பது அங்கே எதிர்வாதமாக ஏற்கப்படாது. பதவி பெரிது என்பதாலும் யாரும் தப்பிவிட முடியாது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பொலிஸ் மா அதிபர் ஒருவரையே பாராளுமன்றம் 177 வாக்குகளால் பதவி நீக்கியது. நிலையத்தில் சட்டவிரோதக் கட்டளை வந்தால் என்ன செய்வார் என்று சேருமுன்பே அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், விண்ணப்பத்தை அடுத்த முறைக்குத் தள்ளிப்போடுவதில் தப்பில்லை.