டெல்லிக் குளிரில் கார் எஞ்சின் சீக்கிரம் சூடாக என்ன செய்யலாம்?

காலையில் பத்து நிமிடம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டும் வெப்பம் காட்டும் முள் ஏறுவதில்லை, ஹீட்டரிலும் குளிர்ந்த காற்றே வருகிறது, இதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். மயூர் விஹாரில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வண்டியைக் கிளப்பி அரை நிமிடம் பொறுத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டத் தொடங்கிவிடுங்கள். அப்படி ஓட்டியும் முள் ஏறவில்லை என்றால் பழி குளிரின் மேல் இல்லை, எஞ்சினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மேல் இருக்க வாய்ப்பு அதிகம்.

நின்றபடி ஓடும் எஞ்சின் மிகக் குறைவான பெட்ரோலையே எரிக்கிறது. எரிவது குறைவு என்பதால் பிறக்கும் வெப்பமும் குறைவு. பத்து நிமிடம் நிறுத்தி வைத்து ஏற்றும் சூட்டை, மிதமான வேகத்தில் மூன்று நான்கு நிமிடம் ஓட்டியே ஏற்றிவிடலாம். காத்திருக்கும் வழக்கம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கக் கணினி இல்லாத கார்புரேட்டர் காலத்திலிருந்து வந்தது. கரோல் பாகில் இருந்த என் மாமனார் தம்முடைய பத்மினி காரில், குளிரில் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கை இழுத்துவிட்டு, உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வருவார். அந்த வண்டிக்கு அது தேவையாகவும் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் தலைநகர்ப் பகுதிக்குப் புகையைக் கட்டுப்படுத்தும் யூரோ 2 விதிமுறை வந்த பிறகு விற்பனையான கார்களில் எரிபொருளை அளந்து தெளிக்கும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை அந்தக் கணினி பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே தெளிக்கும் என்பதால், எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரும் சூடாகாமல் வேலை செய்யாது. தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் நம் அடுக்ககங்களில் அந்தப் புகை நேராக முதல் மாடிப் படுக்கையறைக்குத்தான் போகிறது.

இனி தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன், ஏனெனில் இதில் நானே பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், ஆசிரம் சந்திப்பு நெரிசலில் என் சிறிய பெட்ரோல் கார் கொதித்து நின்றது. பார்த்த மெக்கானிக், "இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். கோடை தொல்லையில்லாமல் போயிற்று. நானும் அதை மறந்துவிட்டேன். மார்கழியில் விடியற்காலை அம்மாவை அழைத்துக்கொண்டு ராமகிருஷ்ணபுரம் முருகன் கோயிலான மலை மந்திருக்குக் கிளம்பினால், காலியான ரிங் ரோடில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியும் முள் அடிக்கோட்டை விட்டு அசையவில்லை. பின் இருக்கையில் சால்வைக்குள் சுருண்டிருந்த அம்மா, "ஏண்டா, நீ போட்டிருப்பது ஹீட்டரா, ஏசியா?" என்று கேட்டாள். லிட்டருக்குப் பதினைந்து கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு இறங்கியிருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் போல வெளுத்த பசை. எஞ்சினுக்குள் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும் அளவுக்கு அது சூடாகவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிறு உலோகக் கதவு, அவ்வளவுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருந்து, எஞ்சினின் சூட்டை வாங்கிச் செல்லும் திரவமான கூலன்ட்டை, அதைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகவிடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும். சூடு ஏறியதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். கதவே இல்லாவிட்டால் கூலன்ட் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய், ஐந்து டிகிரிக் காற்றில் ஆறி ஆறித் திரும்பும். புதிதாக வாங்கியதைப் பொருத்துவதற்கு முன், மனைவி ஒதுக்கித் தந்த பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் தொடாதபடி அதை நூலில் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றினேன். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீரில் ஆவி பறந்து, வெப்பமானி எண்பதைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தட்டு மெல்ல எழும்பி நகக்கண் அளவுக்கு இடைவெளி விட்டது, அடுப்பை அணைத்ததும் அப்படியே இறங்கி மூடிக்கொண்டது. அதைப் பொருத்திய மறுநாள், நிஜாமுதீன் பாலம் தாண்டுவதற்குள் முள் நடுவில் நின்றது. வண்டி மே மாதம் கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டர் விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே பழுதானதுதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் வண்டியிலும் இதைச் சோதிக்கலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பி, விசிறிப் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேற்புற ரப்பர்க் குழாயை (ஹோஸ்) அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அது முதலில் வெகுநேரம் சில்லென்றே இருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் கதவு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். நெரிசலில் சற்று ஏறும் முள் வேகமாக ஓட்டும்போது இறங்கினாலும் அதே பொருள்தான். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறந்துவிடாதீர்கள்.

சிஎன்ஜி வண்டியாக இருந்தால் இது செலவையும் இழுத்துவிடும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் வாயு விரியும்போது கடுமையாகக் குளிர்வதால், அதன் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெடியூசரைக் கூலன்ட்தான் சூடேற்றுகிறது. அதனால் பெரும்பாலான சிஎன்ஜி வண்டிகள் பெட்ரோலில் கிளம்பி, சூடான பிறகே வாயுவுக்கு மாறும். கூலன்ட் சூடாகாவிட்டால் பெட்ரோலிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மற்றவை சிறிய விஷயங்கள். முள் கொஞ்சம் ஏறும்வரை ஹீட்டரின் காற்றைப் போடாதீர்கள். அது எஞ்சினின் சூட்டைத்தான் பறித்துக் கேபினுக்குள் தள்ளுகிறது. கண்ணாடியில் பனி படிந்தால் மட்டும் பார்வைக்காகப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆயில், கையேட்டில் சொன்ன தரமாக இருக்கட்டும்: 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் மலிவாகக் கிடைக்கிறதென்று அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிரில் அது பாகு போல நகரும். கூலன்ட்டைவிட ஆயில் தாமதமாகவே சூடாகும் என்பதால், முள் நடுவுக்கு வந்த பிறகும் சில நிமிடம் எஞ்சினை அலற விடாதீர்கள். டீசல் வண்டி இயல்பாகவே மெதுவாகத்தான் சூடாகும். ரேடியேட்டரை அட்டையால் மறைப்பதும், கனடாக்காரர்கள் வைத்திருக்கும் மின்சூடேற்றியை வாங்குவதும் டெல்லிக்குத் தேவையில்லை. அட்டை நம் நெரிசலில் எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும்.

தெர்மோஸ்டாட் சரியாகி, முள்ளும் நடுவுக்கு வந்த பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால், கூலன்ட் குறைந்து காற்று அடைத்திருக்கலாம், அல்லது டாஷ்போர்டுக்குள் கூலன்ட்டின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட்டர் கோர் வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றித் துருவால் அடைபட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் அதைத் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.