பிள்ளை லெக்சர் கேக்கப் போறாவெண்டால் போகட்டும் அம்மா, காணியிலை மட்டும் கை வைக்காதேங்கோ

கொக்குவில் பக்கமிருந்து ஒரு அம்மா நீளமா எழுதியிருக்கிறா. அவவின்ர கவலை இண்டைக்கு யாழ்ப்பாணத்திலை கன வீட்டிலை இருக்கிற கவலை எண்டபடியாலை எல்லாருக்கும் சேத்து இதிலை மறுமொழி எழுதுறன். மகள் கணிதப்பிரிவு, ரெண்டாந்தரமும் ஏ.எல் எடுத்து எஞ்சினியரிங்குக்கு இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு ஆக்களை எடுக்கேக்குள்ள பாக்கிற புள்ளி) மட்டுமட்டா காணாமல் போச்சு, யாழ் கம்பஸிலை பிசிக்கல் சயன்ஸ் கிடைச்சிருக்கு. கனடா மாமா சொல்லுறாராம் அதெல்லாம் வேண்டாம், கொழும்பிலை பிரைவேட்டா எஞ்சினியரிங் தொடங்கி கடைசி வருஷத்தை வெளியிலை முடிக்கட்டும், பாதிக்காசு நான் போடுறன், மிச்சத்துக்கு அந்தக் காணியைப் பாருங்கோ எண்டு. சித்தி சொல்லுறாவாம் மூண்டாந்தரமும் எடுக்கட்டும் எண்டு. பிள்ளை ஒருத்தருக்கும் மறுமொழி சொல்லுறேல்லை, இரவிரவா போனிலை ஏதோ விஞ்ஞான லெக்சர் பாக்கிறா, கம்பஸிலை ஆரும் பேச வருகினம் எண்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிடுறா, மிச்ச நேரம் வீணை. "இவவுக்குத் தன்ர எதிர்காலத்தைப் பற்றி ஒரு யோசனையும் இல்லையோ" எண்டு அம்மா கேட்டிருக்கிறா.

அம்மா, உங்கட பிள்ளை தோத்துப்போகேல்லை. கணிதப்பிரிவிலை அரசாங்கக் கம்பஸுக்கு எடுபடுறது எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்கே தெரியும். ஆறுதலா சொல்ல இருக்கிறது இவ்வளவுதான், இனிச் சொல்லப்போறது கொஞ்சம் கசக்கும்.

மாமாவின்ர திட்டத்துக்கு நான் நேராவே வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். அவர் நல்ல மனதோடதான் சொல்லுறார், அதிலை எனக்குச் சந்தேகமில்லை. ஆனா பாதிக்காசு எண்டது ஒரு வாக்குறுதி, காணி எண்டது உங்கட கையிலை இருக்கிற பொருள். அங்கை அவருக்கு வேலை போனாலோ, அவரின்ர பிள்ளையள் யூனிவர்சிற்றிக்குப் போகத் தொடங்கினாலோ, ரெண்டாம் வருஷத்திலை அந்தப் பாதி நிண்டுபோகும். வித்த காணி திரும்பி வராது, பாதியிலை விட்ட டிகிரியை வைச்சு ஒண்டும் செய்யவும் ஏலாது. அந்தப் படிப்பை யூ.ஜி.சி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அங்கீகரிச்சிருக்கோ, இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏத்துக்கொள்ளுதோ எண்டு ஆராவது விசாரிச்சனீங்களோ? உங்கட கடிதத்திலை அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. எல்லாத்துக்கும் மேலாலை, பிள்ளைக்கு எஞ்சினியரிங் விருப்பம் எண்டும் ஒரு வரி இல்லை. மூண்டாந்தரம் எடுக்கிறதும் அப்பிடித்தான், பிள்ளையா வாய் திறந்து கேட்டால் யோசிக்கலாம், சித்தி சொன்னதுக்காக ஒரு வருஷத்தை ரியூசன் கொட்டிலுக்குள்ள கரைக்கிறதுக்கு நான் ஓம் சொல்லமாட்டன்.

இனி நீங்கள் குறையா எழுதின அந்த லெக்சர் விசயத்துக்கு வாறன், ஏனெண்டால் எனக்கு முழுக் கடிதத்திலையும் பெறுமதியாத் தெரிஞ்சது அதுதான்.

எங்கட பிள்ளையள் ரியூசனிலை ஐஞ்சாறு வருஷம் இருக்கினம், பாஸ்ட் பேப்பர் செய்யினம், விடை தெரிஞ்ச கேள்விக்கு மட்டும் விடை எழுதிப் பழகினம். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்திலை நடக்கிற லெக்சர் அதுக்கு நேர்மாறு. பேசுறவர் கடைசியிலை இன்னும் விடை தெரியாத இடத்திலை கொண்டுபோய் நிப்பாட்டுவார், பிறகு சபையிலை இருக்கிறவை கேள்வி கேப்பினம், இருவது வயசுப் பிள்ளை கேட்டாலும் புரொபெசர் நிண்டு மறுமொழி சொல்லுவார். அந்த இடத்துக்குத் தானா தேடிப்போற பிள்ளைக்கு எதிர்காலத்தைப் பற்றி யோசனை இல்லை எண்டு எப்பிடி அம்மா சொல்லுறது? அவ வாயாலை சொல்லத் தெரியாததைச் சைக்கிளிலை போய்ச் சொல்லுறா.

சேர் சி.வி. ராமனின்ர கதையை மாமாவுக்கும் சொல்லுங்கோ. திருச்சியிலை பிறந்த மனிசன், 1907-லை கல்கத்தாவிலை அரசாங்க நிதித் திணைக்களத்திலை நல்ல உத்தியோகம், எந்தச் சொந்தக்காரரும் பெருமையாச் சொல்லுற வேலை. அந்த ஊரிலை இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் எண்டு 1876-லை மகேந்திரலால் சர்க்கார் எண்ட டொக்டர் தொடங்கின ஒரு நிறுவனம் இருந்தது, தொடக்க காலத்திலை அதின்ர முக்கிய வேலையே பொதுமக்களுக்கு விஞ்ஞான லெக்சர் நடத்துறதுதான். ராமன் அங்கை போய்ச் சேந்து, கந்தோருக்கு முன்னமும் பின்னமும் வந்து ஆராய்ச்சி செய்தார், 1917-லை கூடின சம்பளத்தை விட்டுட்டுக் குறைஞ்ச சம்பளத்துக்குப் புரொபெசராப் போனார், 1928-லை அதே நிறுவனத்திலைதான் ராமன் விளைவை (ஒளி ஒரு பொருளிலை பட்டுச் சிதறேக்குள்ள அதிலை கொஞ்சம் நிறம் மாறுறதை) கண்டுபிடிச்சார், 1930-லை நோபல். இடைக்காலத்திலை அவர் எதை ஆராய்ஞ்சார் எண்டு தெரியுமோ? வீணையையும் தம்புராவையும். தந்தியை ஒரு இடத்திலை மீட்டினால், அந்த இடத்திலை அசையாமல் நிக்கவேண்டிய மேற்சுரங்கள் (முக்கிய சுரத்தோட சேந்து வாற உயர்ந்த சுரங்கள்) கேக்கக்கூடாது எண்டது பழைய விதி. வீணையிலை அதுகளும் கேக்குது. காரணம் தந்தியைத் தாங்கிற குதிரையின்ர மேல்பக்கம் கூரா இல்லாமல் வளைவா இருக்கிறது, தந்தி அதிலை தொட்டும் தொடாமலும் அதிரேக்குள்ள விதி உடைஞ்சுபோகுது. 1921-லை இதை ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதியிருக்கிறார். உங்கட மகள் ஒவ்வொரு நாளும் மடியிலை வைச்சு வாசிக்கிற வாத்தியத்துக்குள்ளதான் அந்த பிசிக்ஸ் கிடக்கு. அவவிட்டை ஒருக்கா இதைச் சொல்லிப்பாருங்கோ, முகத்தைப் பாத்தால் உங்களுக்கே விளங்கும்.

சென்னையிலை தரமணியிலை இருக்கிற கணித விஞ்ஞான நிறுவனம் தொடங்கினதும் ஒரு லெக்சர் பழக்கத்திலை இருந்துதான். அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரிலை தன்ர வீட்டிலை மாணவரைக் கூட்டி வைச்சு செமினார் நடத்தினவர், 1960-லை அணுவைப் பற்றின ஆராய்ச்சிக்கு நோபல் எடுத்த நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்து பாத்திட்டு வியந்துபோனார், 1962-லை அது நிறுவனமாகிச்சுது. அதே நிறுவனம் 2016-லை இருந்து சயன்ஸ் அற் த சபா எண்டு ஒரு நிகழ்ச்சி நடத்துது, எங்கை தெரியுமோ, மியூசிக் அகாடமியிலை. மார்கழியிலை கச்சேரி நடக்கிற அதே மேடையிலை விஞ்ஞானியள் வந்து பொதுச்சனத்துக்கு விளங்கிறமாதிரிப் பேசுகினம், சனம் கச்சேரிக்கு வந்தமாதிரி இருந்து கேக்குது. பெங்களூரிலை காப்பி வித் கியூரியாசிற்றி, மும்பையிலை சாய் அண்ட் வை எண்டு மற்ற ஆராய்ச்சி நிறுவனங்களும் நடத்துகினம். கன லெக்சர் யூரியூப்பிலை சும்மா கிடக்கு, உங்கட பிள்ளை இரவிலை பாக்கிறதும் அநேகமா உதுகளாத்தான் இருக்கும்.

எங்கட ஊரிலையும் இல்லாமலில்லை. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின்ர வருடாந்த அமர்வுகளிலை உரைகள் நடக்குது, கைலாசபதி கலையரங்கிலை ஒரு நாள் ஆராய்ச்சிப் பேச்சு நடக்கும், இன்னொரு நாள் நாட்டியமோ இசைநிகழ்ச்சியோ நடக்கும். இது ரெண்டும் ஒரே மண்டபத்திலை நடக்கிறது எனக்குச் சந்தோசம், ஏனெண்டால் ஆராய்ச்சி உலகத்திலையும் அது அப்பிடித்தான் இருக்கு. பல நாட்டுச் சனம் வந்து தங்கி வேலை செய்யிற இடங்களிலை ஒரு இசை மாலை, ஒரு பண்டிகைக் கொண்டாட்டம் எண்டு வைக்கேக்குள்ள, வீணை வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை அண்டைக்கு அங்கை எல்லாருக்கும் தெரிஞ்ச பிள்ளையாகிவிடும். வீட்டை விட்டுத் தூரமா, கதைக்க ஒருத்தரும் இல்லாத இடத்திலை அது எவ்வளவு பெரிய துணை எண்டு போய் இருந்தவையைக் கேட்டுப்பாருங்கோ. வீணையை நிப்பாட்டச் சொல்லாதேங்கோ.

சரி, பாதை எப்பிடிப் போகும் எண்டு சொல்லுறன். எஞ்சினியரிங், மெடிசின், ஐ.ரி பற்றிச் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கினம், நான் அதைத் தொடேல்லை.

யாழ் கம்பஸிலை பிசிக்கல் சயன்ஸ் பதியட்டும். படிப்புக்கட்டணம் இல்லை, வருமானத்தைப் பொறுத்து மகாபொலவோ பேர்சரியோ எண்டு மாணவருக்கான உதவிப்பணம் கிடைக்கலாம், வீட்டிலை இருந்தே சைக்கிளிலை போகலாம். மூண்டு வருஷத்திலை முடியிற டிகிரியும் இருக்கு, நாலு வருஷ ஹொனர்ஸும் இருக்கு, ஆராய்ச்சிக்குப் போறதெண்டால் ஹொனர்ஸ் வேணும். அதுக்கு ஆக்களை எடுக்கிறது தொடக்க வருஷ மாக்ஸை வைச்சுத்தான், அதாலை முதல் செமஸ்டரிலையே கவனமா இருக்கோணும், "முதல் வருஷம் தானே" எண்டு விட்டால் கதவு பூட்டுப்பட்டுடும். படிப்பு முழுக்க இங்கிலிஷிலை. இப்ப லெக்சர் கேட்டுப் பழகிற காது அப்ப உதவும். பிசிக்ஸ் பகுதியிலை வெயிலிலை இருந்து மின்சாரம் எடுக்கிற சூரியகலம் பற்றின ஆராய்ச்சி நோர்வேக்காரரோடையும் சேந்து நடக்குது, உள்ளூரிலையே ஆய்வுகூடத்தைக் கண்ணாலை பாக்கலாம்.

அதுக்குப் பிறகு கண்டி. ஹந்தானையிலை தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் எண்டு ஒண்டு இருக்கு, 1981-லை சட்டம் மூலம் தொடங்கினது, இஞ்சை கனபேருக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. சாயத்தை வைச்சு வேலை செய்யிற சூரியகலங்களிலை உலகமே திரும்பிப் பாத்த வேலை அங்கை புரொபெசர் தென்னக்கோனின்ர காலத்திலை நடந்தது, இப்ப இலங்கைக் காரீயத்தை (கிராபைற்றை) எடுத்துப் பற்றரி செய்யிறதைப் பற்றியும் ஆராயினம். டிகிரி முடிச்ச பிள்ளையளை ஆராய்ச்சி உதவியாளரா எடுத்து மாதக் கொடுப்பனவு குடுத்து, யூனிவர்சிற்றியிலை எம்.பில், பிஎச்டிக்குப் பதியவும் வைக்கினம். காசு கட்டிப் படிக்கிற இடமில்லை அது, காசு வாங்கிக்கொண்டு படிக்கிற இடம். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கான விஞ்ஞான நிகழ்ச்சிகளும் நடத்துகினம், அதாலை வீட்டிலை சின்னதுகள் இருந்தால் அதையும் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

அதைத் தாண்டி இத்தாலியிலை திரியெஸ்தே. அப்துஸ் சலாம் எண்ட பாகிஸ்தான் விஞ்ஞானி, 1979-லை நோபல் எடுத்தவர், படிச்சு முடிச்சு லாகூருக்குத் திரும்பி வந்து, தன்ர துறையைப் பற்றிக் கதைக்கக்கூட ஆளில்லாமல் தனிச்சுப்போய்த் திரும்ப இங்கிலாந்துக்குப் போகவேண்டி வந்தவர். மற்ற ஏழை நாட்டுப் பிள்ளையளுக்கு அந்த நிலைமை வரக்கூடாதெண்டு 1964-லை சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார், ஐ.சி.ரி.பி எண்டால்தான் எல்லாருக்கும் விளங்கும். அங்கை ஒரு வருஷப் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளோமா இருக்கு, மட்ஸ், துகள் இயற்பியலும் பிரபஞ்சவியலும், திண்மப் பொருள் இயற்பியல், பூமி பற்றின இயற்பியல் எண்டு பிரிவுகள். எங்களைப் போல வளர்ந்துவாற நாட்டுப் பிள்ளையளுக்கெண்டே வைச்சது. கட்டணம் இல்லை, பயணச் செலவும் சீவிக்கக் காசும் அவையே தருகினம். போட்டி கடுமை, எடுபடும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன். ஆனா விண்ணப்பிக்கிற தகுதியை இஞ்சை யாழ் கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியிலை இருந்தே கட்டலாம். அங்கை நடக்கிற வகுப்பும் லெக்சரும் கனக்க இன்ரர்நெற்றிலை திறந்து கிடக்கு, உங்கட மகள் முதலாம் வருஷத்திலை இருந்தே கேக்கலாம். அமெரிக்காப் பக்கம் பிஎச்டிக்குப் போனாலும் கன டிப்பார்ட்மென்ற் படிப்பிக்கிற வேலை குடுத்து, கட்டணத்தையும் தாங்களே பாக்கினம். ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளியிலை போறதுக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசத்தை மாமா கட்டாயம் விளங்கிக்கொள்ளோணும்.

எங்கட ஆக்களாலை ஏலுமோ எண்டு கேப்பீங்கள். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலை படிச்ச கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜிலை, குவாண்டம் இயற்பியலைக் கட்டினவையிலை ஒருத்தரான போல் டிராக்கிட்டை பிஎச்டி செய்தவர், பிறகு கொழும்பிலை கணிதப் புரொபெசரா இருந்தவர். அந்த டிராக்கின்ர பேரிலைதான் திரியெஸ்தேயிலை 1985-லை இருந்து வருஷாவருஷம் பதக்கம் குடுக்கினம். அதே ஹாட்லியிலை படிச்ச துரைராஜா, எங்கட கம்பஸுக்குத் துணைவேந்தரா இருந்தவர், 1963-லை கேம்பிரிட்ஜ்காரரோட சேந்து எழுதின மண் பற்றின கட்டுரையை இண்டைக்கும் உலகம் முழுக்க எஞ்சினியர்மார் படிக்கினம். ரெண்டுபேரும் வடமராட்சி மண்ணிலை வளந்தவை.

கஷ்டத்தையும் மறைக்கேல்லை. இது நீண்ட பாதை, பிஎச்டி முடிய வயசு முப்பதைத் தொடும், அதுவரைக்கும் கைநிறையச் சம்பளம் வராது, கலியாணக் கதை எடுக்கிற சொந்தக்காரர் வாய் மூடமாட்டினம். இடையிலை பிள்ளைக்குப் பிடிக்காமல் போனால் அதே மட்ஸ், ஸ்ரற்றிஸ்ரிக்ஸ், கம்பியூட்டர் படிப்போட வங்கிக்கோ சொப்ட்வெயருக்கோ ஆசிரியத்துக்கோ போகலாம், அந்த வாசல் பூட்டுப்படாது. ஆனா பிள்ளை விரும்பேல்லை எண்டால் நான் சொன்ன பாதையையும் அவவிலை திணிக்காதேங்கோ, இந்த நியாயம் மாமாவுக்கு மட்டுமில்லை, எனக்கும் உங்களுக்கும் அதேதான். கண்டிக்குப் பெட்டைப்பிள்ளையை எப்பிடித் தனிய விடுறது எண்டு எழுதாமல் எழுதியிருக்கிறீங்கள், அது விளங்குது. நாலு வருஷம் இருக்கு அம்மா, அதுக்கிடையிலை நீங்களும் ஒருக்கா ஏ9 பஸ்ஸிலை அவவோட கூடப்போய் அந்த இடத்தைப் பாத்திட்டு வாங்கோ.

இப்ப செய்யவேண்டியது. யூ.ஜி.சி குடுத்த பதிவுத் திகதியைத் தவறவிடாதேங்கோ, பதியாமல் விட்டால் பிறகு ஆராலும் உதவ ஏலாது. பதிஞ்சால் திரும்ப ஏ.எல் ரிசல்ட்டை வைச்சு விண்ணப்பிக்கிறதிலை கட்டுப்பாடு இருக்கு, அதைக் கைநூலிலை பிள்ளையும் நீங்களும் சேந்திருந்து வாசியுங்கோ. அடுத்த முறை கம்பஸிலை பேச்சு எண்டு அவ வெளிக்கிட்டால், தகப்பனும் கூடப்போய்க் கடைசி வரிசையிலை இருந்து பாக்கட்டும், விளங்காட்டிலும் பரவாயில்லை. மாமாவுக்கு உண்மையாவே உதவோணும் எண்டால் ஒரு நல்ல லப்டொப்பும் மாதாமாதம் இன்ரர்நெற் காசும் போதும், அதைச் சந்தோசமா வாங்கிக்கொள்ளுங்கோ. காணி உறுதியைத் தரகரிட்டைக் குடுத்திருந்தால் இந்தக் கிழமைக்குள்ளயே திருப்பி வாங்கிவிடுங்கோ.